ஐந்தோவனா, ஆம்ஸ்டர்டாமா? நெதர்லாந்து வேலைக்கு வருகிறவர்கள் எந்த ஊரில் குடியேறலாம்

சித்தி மகள் கோவையிலிருந்து அழைத்திருந்தாள். கையில் இரண்டு ஆஃபர் லெட்டர். ஒன்று ஆம்ஸ்டர்டாமில் ஒரு வங்கி. இன்னொன்று ஐந்தோவன் பக்கம், சிப் தயாரிக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் வேலை. ஆம்ஸ்டர்டாம்காரர்கள் மாதம் 400 யூரோ கூடுதலாகத் தருகிறார்கள். "அக்கா, பேசாம ஆம்ஸ்டர்டாமே போயிடவா?" என்று கேட்டாள். கணவனும் நான்கு வயது மகளும் கூட வருகிறார்கள்.

நான் 2019 செப்டம்பரில் கணவரோடும் மூன்று வயது மகனோடும் இங்கே வந்தேன். முதல் இரண்டரை ஆண்டுகள் ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டெல்வேனில் இருந்தோம், அதன் பிறகு ஐந்தோவன். இரண்டு ஊரிலும் வீடு தேடி அலைந்து, வாடகை கொடுத்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த அனுபவம் இருக்கிறது. அவளிடம் போனில் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து, இதே குழப்பத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஃபர் லெட்டரில் உள்ள தொகையை மூன்றாவது இடத்தில் வையுங்கள். முதல் இடம் முகவரி பதிவு செய்ய விடுகிற ஒரு வீட்டுக்கு. இரண்டாவது இடம் உங்களோடு கூட வருகிறவரின் பகல் பொழுதுக்கு. வேலைக்குப் போகிறவருக்கு எந்த ஊரானாலும் எட்டு மணி நேரம் ஓடிவிடும். வீட்டில் இருப்பவருக்கு அந்த எட்டு மணி நேரம் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான், மூன்று ஆண்டு கழித்து நீங்கள் இங்கே இருப்பீர்களா, ஊர் திரும்பிவிடுவீர்களா என்பது தெரியும்.

அந்த 400 யூரோ

கையோடு இந்தக் கணக்கை முடித்துவிடலாம். 400 என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. வரி போக, சம்பளம் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும் வரித் தள்ளுபடிகளும் போக, 30% ரூலிங் என்ற வரிச் சலுகை இருப்பவர் கைக்கு வருவது சுமார் 250 யூரோ. ரூலிங் இல்லாதவருக்கு இன்னும் குறைவு. ஐந்தோவனில் 1,500 யூரோவை ஒட்டிக் கிடைக்கும் இரண்டு படுக்கையறை வீட்டின் அளவுக்கு ஆம்ஸ்டர்டாமில் 2,000 யூரோவையும் தாண்டிக் கேட்பார்கள். ஆம்ஸ்டெல்வேனிலும் பெரிதாகக் குறையாது. ஆக, கூடுதல் சம்பளம் மொத்தமும் வாடகைக்கே போய், அதற்கு மேலும் கையிலிருந்து போடவேண்டி வரும்.

30% ரூலிங் தெரியாமல் யாரும் இங்கே வருவதில்லை. ஆனால் பாதிதான் தெரிந்து வருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு எடுக்கப்பட்டவரின் சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரி இல்லாமல் தரலாம் என்பது அதன் சாரம். வேலையில் சேருவதற்கு முந்தைய 24 மாதங்களில் 16 மாதங்களுக்கு மேல் நெதர்லாந்து எல்லையிலிருந்து 150 கி.மீ.க்கு அப்பால் இருந்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. ஜெர்மனியின் டூசல்டோர்ஃபில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு வருகிறவருக்குக் கிடைக்காது. 2025 கணக்கில் ஆண்டுக்கு 75,000 யூரோ வாங்குகிறவருக்கு ரூலிங்கால் 8,000 யூரோவுக்கு மேல் வரி மிச்சம். வேலையில் சேர்ந்து நான்கு மாதத்துக்குள் விண்ணப்பித்தால்தான் முதல் நாளிலிருந்து கணக்கில் வரும். அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு 2027 ஜனவரி 1 முதல் 30 என்பது 27 ஆகிறது. இடையில் வேலை மாறினால் மூன்று மாதத்துக்குள் அடுத்த வேலையில் சேர்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் சலுகை போய்விடும்.

எனக்கு 2024 ஆகஸ்டோடு ஐந்து ஆண்டு முடிந்தது. செப்டம்பர் சம்பளச் சீட்டில் கைக்கு வந்த தொகை 600 யூரோவுக்கு மேல் குறைந்திருந்தது. முன்பே தெரிந்திருந்ததால் சமாளித்தோம். ரூலிங்கோடு வரும் சம்பளத்தை நம்பி உச்சத்தில் வாடகைக்குப் போனவர்கள் அந்த ஆண்டு வீடு மாற்றினார்கள். அதனால் வாடகையை முடிவு செய்யும்போது ரூலிங் இல்லாத சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கில் ஆம்ஸ்டர்டாம் பெரும்பாலும் உதைக்கும்.

வீடு

இந்த நாட்டில் வேலை கிடைப்பதைவிட வீடு கிடைப்பது கடினம். இதை நான் பெரிதுபடுத்திச் சொல்லவில்லை.

வந்து ஐந்து நாளுக்குள் நகராட்சியில் உங்கள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். நகராட்சியை இங்கே 'கெமேந்தே' என்பார்கள். பதிவு செய்தால்தான் பிஎஸ்என் எண் கிடைக்கும். நம் ஆதாரும் பான் கார்டும் சேர்ந்தது போல என்று வைத்துக்கொள்ளலாம். சம்பளம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, ரூலிங் விண்ணப்பம், அரசு இணையதளங்களில் நுழைவதற்கான டிஜிடி என எல்லாமே இந்த எண்ணைக் கேட்கும். எண் கொடுக்காத ஊழியருக்கு நிறுவனம் 52 சதவீத வரி பிடிக்க வேண்டும் என்பது விதி.

நாங்கள் ஆம்ஸ்டெல்வேனில் பிடித்த முதல் இடம் ஒரு அறைகலன் போட்ட சிறிய வீடு. படத்தில் பார்த்தது போலவே இருந்தது, சாவியும் கைக்கு வந்தது. இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் செய்தி அனுப்பினார்: "இந்த முகவரியில் பதிவு செய்ய வேண்டாம்." அவரே அந்த வீட்டை வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்து எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார் என்பது அப்புறம் தெரிந்தது. மூன்று வாரம் பிஎஸ்என் இல்லாமல் திண்டாடினோம். பையனுக்குக் காது வலி வந்த இரவு காப்பீட்டு எண் கேட்டார்கள், எங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து யார் வீடு பார்க்கக் கேட்டாலும் நான் சொல்லும் முதல் கேள்வி இதுதான்: "எங்கள் குடும்பத்தில் எல்லோரையும் இந்த முகவரியில் பதிவு செய்யலாமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். தயங்கினால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு ஆச்சரியமாக இருக்கும். 2023 ஜூலை முதல் இங்கே இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் புரோக்கர் உங்களிடம் கமிஷன் வாங்கவும் கூடாது. 2024 ஜூலை முதல் பொதுவாகக் காலவரம்பு இல்லாத ஒப்பந்தம்தான் போட வேண்டும். அதே தேதியிலிருந்து வீட்டின் பரப்பு, எரிசக்தித் தரம், சமையலறை வசதி, அரசு மதிப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, 186 புள்ளிக்குள் வருகிற வீட்டுக்கு அரசு சொல்லும் வாடகைதான் வாங்கலாம் என்றும் வந்துவிட்டது.

குடியிருப்பவருக்குச் சாதகமான சட்டம்தான். ஆனால் இதனாலேயே நிறைய வீட்டுக்காரர்கள், இருப்பவர் காலி செய்ததும் வீட்டை விற்றுவிடுகிறார்கள். புதிதாக வருகிறவருக்கு வாடகை வீடு இன்னும் அரிதாகிவிட்டது. நல்ல வீடு ஒன்று காலையில் விளம்பரத்துக்கு வந்தால் மாலைக்குள் பார்ப்பதற்கான பெயர்ப் பதிவையே மூடிவிடுகிறார்கள். வாடகையைப் போல மூன்று மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல், மாதச் சம்பளம் இருக்க வேண்டும் என்பார்கள். கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் முழுதாகச் சேர்க்காத வீட்டுக்காரர்களும் உண்டு. இதில் ஐந்தோவன் ஆம்ஸ்டர்டாமை விடக் கொஞ்சம் பரவாயில்லை. அந்தக் கொஞ்சமும் ஒவ்வோர் ஆண்டும் குறைந்து வருகிறது.

வீடு மூன்று வகை. மேஜை, நாற்காலி, கட்டில் எல்லாம் இருப்பது 'கெமேயுபிலேர்ட்'. தரையும் திரைச்சீலையும் இருப்பது 'கெஸ்டோஃபேர்ட்'. ஒன்றும் இல்லாதது 'கால்'. இந்தக் 'கால்' வீட்டை நம்மூர்க்காரர்கள் நேரில் பார்த்தால்தான் நம்புவார்கள். சென்னையில் ஃபேனையும் டியூப்லைட்டையும் கழற்றிக்கொண்டு போவது வழக்கம். இங்கே தரையையே கழற்றிக்கொண்டு போவார்கள். 2022 வசந்தத்தில் ஐந்தோவனில் நாங்கள் எடுத்தது அப்படி ஒரு வீடு. கதவைத் திறந்தால் சாம்பல் நிறக் கான்கிரீட். முன்பு இருந்தவர் லேமினேட் பலகையை உரித்தெடுத்த இடத்தில் பசையின் கோடுகள். கூரையிலிருந்து இரண்டிரண்டு ஒயர்கள் தொங்கின, ஒரு பல்பு ஹோல்டர்கூட இல்லை. என் கணவர் கைபேசி வெளிச்சத்தில் மண்டியிட்டுப் பலகை இழைக்க, நான் அளந்து கொடுக்க, இரண்டு சனி ஞாயிறு ஆனது. பையன் வெட்டிய துண்டுகளை அடுக்கி ரயில் விட்டுக்கொண்டிருந்தான். இந்த வகை வீட்டில் வாடகை குறைவு, ஆனால் தரை, விளக்கு, திரை என்று முதலிலேயே இரண்டாயிரம் மூன்றாயிரம் யூரோ இறங்கும். இரண்டு ஆண்டுக்கு மேல் இருப்பீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் எடுங்கள். காலி செய்கிறவரிடம் பேசி, அவருடைய தரையை ஒரு தொகை கொடுத்து அப்படியே வாங்கிக்கொள்ளவும் முடியும். நாங்கள் அதைக் கேட்கத் தெரியாமல் விட்டோம்.

நிறுவனம் முதல் மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ தங்குமிடம் தருகிறதா, அந்த முகவரியில் பதிவு செய்யலாமா என்பதை ஆஃபர் பேசும்போதே கேளுங்கள். 400 யூரோ சம்பள உயர்வைவிட, பதிவு செய்ய முடிகிற இரண்டு மாதத் தங்குமிடத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஐந்தோவன்

1891இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டதிலிருந்து இது பொறியாளர்களின் ஊர். 1984இல் ஃபிலிப்ஸின் பங்கோடு பிறந்த, சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் பக்கத்து வெல்ட்ஹோவனில் இருக்கிறது. அதற்கு உதிரிபாகம் செய்யும் விடிஎல் போன்ற நிறுவனங்கள், சிப் நிறுவனமான என்எக்ஸ்பி, ஹைடெக் கேம்பஸ் என்ற தொழில்நுட்பப் பூங்காவில் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரு மிதிவண்டி தூரத்துக்குள் இருக்கின்றன. இந்த வட்டாரத்தின் வீடு, போக்குவரத்து, படிப்பு வசதிகளைப் பெருக்க அரசும் வட்டார அமைப்புகளும் சேர்ந்து 2024இல் 250 கோடி யூரோ ஒதுக்கின. அந்த அளவுக்கு ஆட்கள் வந்து குவிகிறார்கள்.

ஊர் அழகா என்று கேட்டால், இல்லை. கால்வாய், பழைய சாய்ந்த வீடுகள் என்று கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பக் கட்டிய நகரம் இது. ஆனால் குடும்பம் நடத்த எளிதான ஊர். நான் காலையில் எங்கள் வீடு இருக்கும் மெயர்ஹோவன் பகுதியிலிருந்து அலுவலகத்துக்கு மிதிவண்டியில் போகிறேன், வழியில் ஹோவன்ரிங் வரும். கீழே நான்கு பக்கச் சாலைச் சந்திப்பு, அதற்கு மேலே 70 மீட்டர் கம்பத்திலிருந்து 24 கம்பிகளில் தொங்கும் வட்டப் பாலம், மிதிவண்டிகளுக்காகக் கட்டியது. 2012இல் திறந்தார்கள். நவம்பர் மாதக் காலையில் இருட்டோடு இருட்டாக அதில் ஏறும்போது, முன்னால் போகிற சிவப்பு விளக்குகள் வரிசையாக வளைந்து போகும். கார் சத்தம் காலுக்குக் கீழே. இருபது நிமிடத்தில் அலுவலகம். அந்த இருபது நிமிடத்தை நான் எந்தச் சம்பளத்துக்கும் விடமாட்டேன்.

ஐந்தோவனின் குறை, தொழில்நுட்பம் தவிர வேறு துறைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் வேலை குறைவு என்பதுதான். கணக்கு, விளம்பரம், மனிதவளம் படித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தேடியதைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு ஒரு விமான நிலையம் இருக்கிறது, ஆனால் இந்தியாவுக்கு அங்கிருந்து விமானம் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையம் வரை போயாக வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமும் ஆம்ஸ்டெல்வேனும்

ஆம்ஸ்டர்டாமில் வேலை என்றால் நம்மவர்களில் நிறையப் பேர் ஆம்ஸ்டெல்வேனில்தான் வீடு தேடுவார்கள். காரணம் எளிது. பூங்காவுக்குப் போனால் மாலையில் ஆறு மொழி கேட்கும், அதில் இரண்டு நமக்குப் புரியும். தோசை மாவு, பொன்னி அரிசி, கறிவேப்பிலை நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். டிராமில் ஏறினால் வங்கிகளும் சட்ட நிறுவனங்களும் இருக்கும் சவுத் ஆக்சிஸ் பகுதி பதினைந்து இருபது நிமிடம். ஸ்கிப்போல் பக்கத்திலேயே. அம்மா அப்பா வந்தால் அழைத்துவர டாக்ஸி போதும். பின்பக்கம் ஆம்ஸ்டர்டாம் காடு, அதற்குள் 400 செர்ரி மரங்கள் உள்ள பூங்கா. ஏப்ரலில் இரண்டு வாரம் பூக்கும்போது எங்கள் பையன் அங்கேதான் இருப்பான்.

என் கணவருக்கு அந்த ஊர் பிடித்திருந்தது. அவர் படித்தது கணக்கியல். வந்து ஐந்து மாதத்தில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தே ஒரு வேலை பிடித்தார். திறனாளர் விசாவில் வருகிறவரின் துணைக்கு எந்த வேலையும் செய்ய முழு உரிமை உண்டு, அட்டையிலேயே எழுதியிருக்கும். உரிமை நாடு முழுதும் ஒன்றுதான், வாய்ப்பு மட்டும் ஊருக்கு ஊர் மாறும். கணக்கு, நிதி, வாடிக்கையாளர் சேவை, விற்பனை என்றால் ஆம்ஸ்டர்டாம் பக்கம்தான். செவிலியர், மருத்துவர், ஆசிரியர் என்றால் எந்த ஊரிலும் டச்சு மொழி இல்லாமல் கதவு திறக்காது. அவர்கள் ஊரிலிருக்கும்போதே மொழி வகுப்பைத் தொடங்கிவிடுவது நல்லது.

2022 தொடக்கத்தில் எனக்கு ஐந்தோவனில் வேலை கிடைத்தபோது, "சின்ன நாடுதானே, ரயிலில் போய் வந்தால் போச்சு" என்று நினைத்தேன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஐந்தோவனுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில், ஒரு மணி இருபது நிமிடம். காகிதத்தில் அவ்வளவுதான். ஆம்ஸ்டெல்வேன் வாசலிலிருந்து அலுவலக வாசலுக்கு டிராம், ரயில், இடையில் இருக்கும் உத்ரெக்ட் நகரில் மாற்றம், மறுபடி ரயில், கடைசியில் பஸ் என்று இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு நாள் மாலை உத்ரெக்ட் நடைமேடையில் நிற்கிறேன், பலகையில் வரிசையாக ரயில்கள் ரத்து. பள்ளிக்குப் பிந்தைய காப்பகம் ஆறரைக்கு மூடும். கணவர் அன்று வெளியூரில் இருந்தார். ஏழேகாலுக்கு நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, பையன் ஜாக்கெட் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, அணைத்த விளக்குகளுக்கு நடுவே வாசல் பெஞ்சில் காப்பகப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தான். அழவில்லை. "அம்மா, எல்லாரும் போயிட்டாங்க" என்றான். அந்த வாரமே ஐந்தோவனில் வீடு தேட ஆரம்பித்தோம்.

ஆகவே ஒரு ஊரில் வேலை, இன்னொரு ஊரில் வீடு என்பதை வாரம் இரண்டு நாளுக்கு மேல் அலுவலகம் போகவேண்டியவர்கள் யோசிக்கவே வேண்டாம், முக்கியமாகச் சின்னக் குழந்தை இருப்பவர்கள். இரண்டு பேருக்கும் வேலை, ஒருவருக்கு ஐந்தோவன், ஒருவருக்கு ஆம்ஸ்டர்டாம் என்று அமைந்தால் மட்டும் உத்ரெக்ட். ஆம்ஸ்டர்டாம் அரை மணி நேரம், ஐந்தோவன் ஐம்பது நிமிடம். வாடகை ஐந்தோவனை விட அதிகம், ஆனால் இருவரில் ஒருவரும் நொந்துபோக மாட்டார்கள்.

யாரும் சொல்லாத மூன்றாவது ஊர்

டென் ஹாக், அதாவது ஹேக் நகரம். ஐடி வேலைக்கு வருகிறவர்கள் இதைப் பட்டியலில் வைப்பதே இல்லை. எனக்கு வருத்தம்தான். ஆம்ஸ்டர்டாமில் வேலையிருந்து வாரம் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் போனால் போதும் என்பவர்களும், ராட்டர்டாமில் வேலை கிடைத்தவர்களும் அவசியம் பார்க்க வேண்டிய ஊர். ராட்டர்டாம் ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. டிராம் ஏறினால் கடல்.

1873இல் கல்கத்தாவிலிருந்து 'லல்லா ரூக்' என்ற கப்பலில் தொடங்கி, தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட சூரினாமின் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், சூரினாம் 1975இல் விடுதலை பெற்ற காலத்தில் பெருமளவில் நெதர்லாந்துக்கு வந்தார்கள். அவர்களில் பலர் இந்த ஊரில் இருக்கிறார்கள். பெரும்பாலும் போஜ்புரி வழியினர், தமிழர்கள் இல்லை. ஆனாலும் திங்கள், புதன், வெள்ளி, சனிக்கிழமைகளில் கூடும் ஹேக் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். நீளக் காராமணிக்காயைக் கட்டுக் கட்டாக அடுக்கி 'கவுசன்பாண்ட்' என்பார்கள். பாகற்காய்க்கு 'சொப்ரொப்போ' என்று பெயர். கீரையைக் கையில் எடுத்து நான் முகர்ந்துகொண்டிருந்தபோது, கடைக்காரப் பாட்டி என் நெற்றியைப் பார்த்துவிட்டு இரண்டு பச்சை மிளகாயைக் கூடப் போட்டார். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் இல்லை.

கோயிலைப் பொறுத்தவரை எந்த ஊரானாலும் பயணம்தான். வடமுனையில் டென் ஹெல்டரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய வரதராஜ செல்வவிநாயகர் கோயில் இருக்கிறது, ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஐந்தோவன்காரர்கள் நாங்கள் காரில் எல்லை தாண்டி ஜெர்மனியின் ஹாம் நகரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போவோம், சுமார் 200 கி.மீ. கோடையில் தேர் ஓடும் நாளில் அந்தத் தொழிற்பேட்டைத் தெரு முழுக்கத் தமிழ்.

எந்த ஊரானாலும் மாறாதவை

நான்கு வயதில் பள்ளியில் சேர்க்கலாம், ஐந்தில் கட்டாயம். டச்சுப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் மொழி வகுப்பு வைப்பார்கள். நான்கு ஐந்து வயதில் வருகிற குழந்தை ஒரே ஆண்டில் பேசிவிடும், தயங்காமல் டச்சுப் பள்ளியில் போடுங்கள். பத்து வயதுக்கு மேல் வந்தால் சர்வதேசப் பள்ளியைப் பாருங்கள். அரசு மானியம் பெறும் சர்வதேசப் பள்ளிகள் ஐந்தோவனிலும் உண்டு, ஆம்ஸ்டர்டாம் வட்டாரத்திலும் உண்டு. முழுத் தனியார் பள்ளியில் ஆண்டுக் கட்டணம் 20,000 யூரோவைத் தாண்டும். எந்தப் பள்ளியாக இருந்தாலும் பிள்ளையை நீச்சல் வகுப்பில் சேருங்கள். தெருவுக்குத் தெரு தண்ணீர் இருக்கும் நாடு. இங்குள்ள பிள்ளைகள் உடுப்போடும் ஷூவோடும் நீந்திக் காட்டி 'ஏ' சான்றிதழ் வாங்குவார்கள்.

மருத்துவக் காப்பீட்டை நான்கு மாதத்துக்குள் எடுக்க வேண்டும், தாமதித்தாலும் பிரீமியத்தை முதலிலிருந்து கட்ட வைப்பார்கள். பெரியவர்களுக்கு மாதம் 150 யூரோவை ஒட்டி வரும், 18 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். ஆண்டுக்கு முதல் 385 யூரோ செலவு உங்களுடையது, குடும்ப மருத்துவரைப் பார்ப்பது அதில் சேராது. அந்தக் குடும்ப மருத்துவர் இல்லாமல் சிறப்பு மருத்துவரிடம் நேரே போக முடியாது. காய்ச்சலுக்குப் போனால் பாராசிட்டமால் போட்டு மூன்று நாள் பாருங்கள் என்பார். முதல் குளிர்காலத்தில் எனக்கு இது கோபமாக வந்தது. இப்போது அவரை நம்புகிறேன். வீடு கிடைத்த வாரமே பக்கத்து மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். புது நோயாளிகளை எடுக்காத மருத்துவமனைகள் நிறைய.

ஊரிலிருந்து கிளம்புமுன் திருமணச் சான்றிதழுக்கும் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் முத்திரை, வாங்கிவிடுங்கள். தமிழில் மட்டும் இருக்கிற சான்றிதழ் என்றால் மொழிபெயர்ப்பும் வேண்டும். இங்கே வந்த பிறகு அப்பாவைத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய விடாதீர்கள்.

குளிர்காலத்தைப் பற்றி ஒன்று. டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து, மாலை நாலரைக்கு இருட்டிவிடும். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவரை இது அமுக்கிவிடும். ஆம்ஸ்டெல்வேனில் எங்கள் பக்கத்து வீட்டு மதுரைக்காரப் பெண் முதல் டிசம்பரில் பகலெல்லாம் திரையை மூடிக்கொண்டு கிடந்தார். அவரை நூலகத்தில் நடக்கும் இலவச டச்சுப் பேச்சு வட்டத்துக்கு என் கணவர்தான் அழைத்துப் போனார். வந்து இறங்குவதை ஏப்ரல் மேயில் வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அந்தச் சில மாதத்தில் மிதிவண்டி பழகி, நாலு பேரைத் தெரிந்துகொண்டுவிட்டால் குளிர்காலம் தாங்கும்.

சித்தி மகளிடம் கடைசியாக, "மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டேன். இயந்திர வடிவமைப்பு, பம்ப் கம்பெனியில் எட்டு ஆண்டு என்றாள். "அப்படியானால் ஐந்தோவன்" என்றேன். அவர் கணக்காளராக இருந்திருந்தால், 400 யூரோவுக்காக இல்லாவிட்டாலும் அவருக்காகவே ஆம்ஸ்டர்டாம் என்று சொல்லியிருப்பேன். ஐந்தோவன் நிறுவனத்திடம் இரண்டு மாதத் தங்குமிடமும் அதில் முகவரிப் பதிவும் கேட்கச் சொன்னேன். கேட்டாள், ஒத்துக்கொண்டார்கள்.

நேற்று மறுபடி அழைத்தாள். கிரைண்டரைக் கொண்டு வரலாமா என்று சித்தி கேட்கிறாராம். தாராளமாகக் கொண்டு வரலாம். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மோட்டார் அப்படியே ஓடும். பிளக் மட்டும் பொருந்தாது, அதை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு லிட்டர் டேபிள்டாப் போதும். கல்லைத் தனியாகத் துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியில் நடுவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.